கொக்கைப் பார்த்தால் மணி நிற்காது!

நாய்க் கண்காட்சியில் ஒரு நாய்க்குக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடங்கள்தான். அதற்குள் நடுவர் வாயைத் திறந்து பல்வரிசையைப் பார்ப்பார். தோள், முதுகு, பின்னங்கால் என்று கைவைத்துப் பார்ப்பார். ஆண் நாய் என்றால் விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்றும் தடவிப் பார்ப்பார். பிறகு நேராக ஓடிவிட்டுத் திரும்பி வரச் சொல்வார், அல்லது முக்கோணமாக ஓடச் சொல்வார். கடைசியில் நாய் அசையாமல் நிற்க வேண்டும். சும்மா நிற்பதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். பத்து மாதக் குட்டிக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் வளரும் மணிக்கும் அதுதான் பிரச்னை. மணி ஒரு சிப்பிப்பாறை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஊசி போன்ற முகம். அந்த வீட்டு மூத்த மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தெற்கே போய் வாங்கி வந்த குட்டி. ஆனால் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் பகலில் தூங்கத்தானே செய்வார்? கயிறு தங்கையின் கைக்கு வந்துவிட்டது. அவர் காஞ்சிபுரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி.

முதல் கண்காட்சியில் மணி செய்யாத சேட்டை இல்லை. ரிங்குக்குள் நுழைந்ததுமே கயிற்றைக் கவ்வி இழுத்தது. ஓடச் சொன்னால் தங்கையின் தோள்மீது தாவியது. நிற்கச் சொன்னால் உட்கார்ந்தது. நடுவர் குனிந்தபோது, பின்னால் நின்ற நாயோடு விளையாடத் திரும்பி, அவருக்கு வாலைக் காட்டியது. கூட்டம் சிரித்தது. நடுவரும் சிரித்தார், குட்டிகள் விஷயத்தில் நடுவர்கள் பொதுவாகப் பொறுமைசாலிகள். ஆனால் பொறுமைக்கு ரிப்பன் கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இதுக்கு எதுக்கும்மா பெட்ரோல் செலவு? மோட்டார் கொட்டாய்க்குக் காவலா கட்டிப் போடு" என்றார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து மணியின் காலையும் மார்பையும் பார்த்துவிட்டு, "முயலுக்கு நல்லா ஓடும். குடுத்துடுங்க, நல்ல விலை தர்றேன்" என்றார். அப்பா உடனே மறுக்கவில்லை. அன்று இரவு அண்ணன், தங்கை இருவருக்குமே சாப்பாடு இறங்கவில்லை.

இந்த இடத்தில் சிப்பிப்பாறையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகர்ந்து தேடும் நாய் அல்ல இது. கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். தென் மாவட்டங்களின் கரிசல் வெளிகளில் முயலை ஓடிப் பிடிக்கவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு முயல் வேட்டை குற்றம். சட்டம் சரிதான், முயலும் பிழைக்க வேண்டுமல்லவா? ஆனால் வேலை போன நாயை யார் வளர்ப்பார்கள்? 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம் இடம்பிடித்தது, சிப்பிப்பாறைக்கு இடமில்லை. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது சிப்பிப்பாறையின் பெயரும் வந்தது. அதன்பிறகு பலர் கேட்டு வாங்குகிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவு செய்வதும், ரிங்கில் நிறுத்துவதும் இந்த இனம் கலப்பில்லாமல் தொடர இன்றைக்கு இருக்கும் நேர்மையான வழிகளில் ஒன்று. மணி நிற்கப் பழகினால் ரிங். பழகாவிட்டால் முயல் பிடிக்கிறவர். வீட்டில் கேள்வி அப்படித்தான் இருந்தது.

கண்காட்சிகளில் நாய்களைப் பிடித்து ஓடுவதையே தொழிலாகக் கொண்ட பெரியவர் ஒருவரின் எண்ணை வாங்கி, தங்கை போன் செய்தார். சேட்டைகளின் பட்டியலைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "நாய் தப்பு பண்ணலம்மா. அதுக்கு போரடிக்குது. நீ பதறுற, அது கயிறு வழியா அதுக்குப் போகுது."

முதலில் கயிறு. தினமும் கட்டுகிற கயிறு வேறு, ரிங் கயிறு வேறு என்று பிரித்தார்கள். மெல்லிய அந்த நைலான் கயிறு கழுத்தில் ஏறினால் வேலை நேரம், கழற்றினால் விளையாட்டு. வேலை நேரம் ஐந்தே நிமிடம், காலையும் மாலையும். மணி கயிற்றைக் கவ்வும்போது தங்கை பதிலுக்கு இழுக்காமல் கையைத் தளர்த்திவிட்டு மரம்போல நிற்கப் பழகினார். நாம் இழுத்தால் அதற்கு அது கயிறு இழுக்கும் போட்டி! இடையில் அம்மா ஒரு யோசனை சொல்லி, கயிற்றில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். மணி இரண்டு தும்மல் போட்டுவிட்டு நிதானமாக மென்றது.

தாவுவது நின்றதற்கு மணியைவிட ஆயாவுக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. தாவினால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தின்பண்டம் என்பது வீட்டின் சட்டம். ஆயாவோ, "குழந்தை ஆசையா ஏறுது" என்று பொறை பிஸ்கட் கொடுத்துவிடுவார். வீட்டில் ஒருவர் விதியை மீறினாலும் நாய் அந்த ஒருவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆயாவை வழிக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது.

தின்பண்டம் என்றால் கோழி ஈரல். வேகவைத்து, தோசைக்கல்லில் வறட்டி, மொச்சைக்கொட்டை அளவுக்கு நறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்வார் தங்கை. துண்டு பெரிதாக இருந்தால் நாய் மென்றுகொண்டே நிற்கும். நடுவர் பல்லைப் பார்க்க முடியாது.

பல் காட்டுவதில் இன்னொரு விஷயம். நாலாவது மாதத்திலிருந்து ஏழாவது மாதம் வரை குட்டிக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு வலிக்கும். அந்த நேரத்தில் யாராவது வாயை முரட்டுத்தனமாகத் திறந்திருந்தால் பயம் ஒட்டிக்கொள்ளும். மணிக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அதனால் பால் ஊற்ற வருகிறவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கூரியர் கொண்டுவரும் பையன் என்று வருகிறவர்கள் எல்லோரும் உதட்டை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு ஈரல் கொடுத்தார்கள். முதலில் ஒரு விநாடி, பிறகு இரண்டு விநாடி.

எல்லாவற்றிலும் கஷ்டம் கொக்குதான். வேடந்தாங்கல் அதிக தூரமில்லை. உத்திரமேரூர் ஏரியும் பெரியது. சேற்றுழவு நேரத்தில் டிராக்டருக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள் இறங்கும். கண்ணால் வேட்டையாடும் நாய்க்கு அதைவிடப் பெரிய சபலம் ஏது? பெரியவர் சொன்ன வழி, தூரத்தில் தொடங்குவது. கொக்கு புள்ளியாகத் தெரியும் தூரத்தில் நின்றுகொண்டு "மணி, பார்" என்றால் அது தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஈரல். பத்தடி முன்னே. மறுபடியும். பார்க்கவில்லை என்றால் திட்டாமல் இருபதடி பின்னே வந்துவிட வேண்டும். வரப்பில் இப்படி முன்னும் பின்னும் நடக்கும் பெண்ணை ஊரே வேடிக்கை பார்த்தது. பிறகு சந்தை, பஸ் ஸ்டாண்ட் என்று இடம் மாறியது. ஹாரனுக்கு நடுவே நிற்கப் பழகிய நாய்க்கு மைக் சத்தம் பெரிதல்ல.

நாலு தட்டு தட்டினால் நின்றுவிட்டுப் போகிறது என்று சொன்னவர்களும் உண்டு. நிற்கும்தான். காதை ஒடுக்கி, வாலைக் காலுக்கு நடுவே செருகி, முதுகைக் கூனி நிற்கும். அந்த நிற்பை நடுவர் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. கணக்கு காட்டாதவர் போட்டியிட முடியாது என்பது அதில் ஒரு விதி. மணிக்கு ஆன செலவைத் தங்கை ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் மாதாமாதம் காட்டிவந்தார். இந்த ஊரில் அப்பாக்களிடம் எடுபடுவது கெஞ்சல் அல்ல, கணக்குதான் போலிருக்கிறது. ஈரலுக்கு ஆன தொகையைப் பார்த்து, "அவ்ளோதானா?" என்று கேட்டாராம்.

சென்ற குளிர்காலத்தில் சென்னையில் இரண்டாவது கண்காட்சி. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், மைதானத்தை மணி ஆசைதீர முகர்ந்து, காலைத் தூக்கி வேலையை முடிக்கட்டும் என்று விட்டார்கள். ரிங்கில் முன்னால் போகும் நாய்க்கும் மணிக்கும் நல்ல இடைவெளி விட்டுத் தங்கை ஓடினார். நடுவர் பல்லைப் பார்த்தார், மணி நின்றது. முக்கோணத்தின் இரண்டாவது திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் எழும்பிப் பறந்தது. மணியின் காது விறைத்தது. கழுத்து நீண்டது. "மணி, பார்" என்று தங்கை மெதுவாகச் சொன்னார். அது பையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, ஈரல் டப்பா இருந்த பாக்கெட்டைப் பார்த்தது. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

அவர்கள் வகுப்பில் இரண்டாம் இடம். முதலிடம் வாங்கிய நாய் உண்மையிலேயே நல்ல நாய், தோள் அமைப்பு மணியைவிடச் சிறப்பு என்று அண்ணனே ஒப்புக்கொண்டார். முயல்காரர் மறுபடி வந்தபோது அப்பா வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

அடுத்தது மே மாதம் ஊட்டியில் நடக்கும் கண்காட்சி. சிப்பிப்பாறைக்கு முடி குட்டை; மலைக்குளிர் தாங்காது. அம்மா, அண்ணனின் பழைய ஸ்வெட்டர் ஒன்றை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கைப்பகுதியை மணி ஏற்கெனவே மென்றுவிட்டது.