ஒவ்வொன்றாக

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கணக்கு வகுப்பில் 'பூர் ஷக்' என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். 'ஒவ்வொன்றுக்கும்' என்று பொருள். பணி ஓய்வுக்குப் பிறகு மணலூர்பேட்டையில் உட்கார்ந்து, பேரனின் கணினியில் அதையே தமிழில் பார்த்தேன்: 'ஒவ்வொன்றாக'.

அது 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியின் சொல். முத்தையா அண்ணாமலை உருவாக்கியது. 2009-இலேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' பின்னால் வரும். நாம் பேசும் வரிசையே அது. கடைசியில் 'முடி'.

ஆனால் எழிலை எழுதியிருப்பது பைத்தான் என்ற வேறொரு மொழியில். நாம் 'பட்டியல்' என்று சொன்னாலும் உள்ளே இருப்பது பைத்தானின் பட்டியல்தான். இரவல் பொருள் என்றால் அதன் வழக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் ஓய்வூதியர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க நினைவூட்டுவதற்காக. இறந்தவர் பெயரை நீக்கிக்கொண்டே மற்றவர்களுக்கு நினைவூட்டு என்று கணினியிடம் சொல்லலாமா என்று பேரனைக் கேட்டேன். பைத்தானில் பத்துப் பெயர் வைத்து ஓட்டிக் காட்டினான்.

பைத்தான் ஆளைப் பார்ப்பதில்லை, இட எண்ணைப் பார்க்கிறது. நான்காம் பெயரை நீக்கியதும் ஐந்தாமவர் நான்காம் இடத்துக்கு ஏறிவிடுகிறார். கணினியோ அடுத்து ஐந்தாம் இடத்துக்குப் போகிறது. அங்கே இருப்பவர் பழைய ஆறாமவர். நடுவில் ஒருவர் விடுபட்டுப் போனார். பிழை என்று ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அந்த மனிதருக்கு நினைவூட்டல் போகாது, சான்று போகாது, பென்ஷன் நின்றுவிடும். மாத்திரை வாங்கக் கடையில் நிற்கும்போதுதான் அவருக்குத் தெரியும்.

பரிகாரம் எளிது. நகல் எடுத்து, நகலைப் பார்த்து எண்ணிக்கொண்டே மூலத்தில் நீக்க வேண்டும். எங்கள் அலுவலக வழக்கமும் இதுவே. பதிவேட்டில் எண்ணும்போது தாளைக் கிழிக்க மாட்டோம். சிவப்பு மையில் குறித்து, தேதி போட்டு, ஆண்டு முடிவில்தான் புதிதாக எழுதுவோம்.

இந்த ஆண்டு எங்கள் பட்டியலில் இரண்டு பெயர்களில் சிவப்பு மை. அந்தப் பெயர்களுக்கு அடுத்த வரியில் இருந்தவர்களுக்கு நானே போன் செய்தேன். இருவரும் சான்று கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் கொடுத்துவிட்டீர்களா?