கடலடியில் கற்ற மூச்சு

பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எங்கள் குடும்பத்தின் நாணய மாற்றுக் கடை இருந்தது. 1801ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அந்தப் பள்ளிவாசலின் மினாரா கடை வாசலிலிருந்தே தெரியும். விடுமுறை நாள்களில் கல்லாவில் என் நன்னாவுக்குத் துணையாக அமர்ந்திருப்பேன். தாயின் தந்தையை எங்கள் வீட்டில் ‘நன்னா’ என்றே அழைப்போம். எதையும் எண்ணிச் செலவு செய்ய வேண்டும் என்பது அவர் எனக்குக் கற்பித்த முதல் பாடம்.

நன்னா தமிழ்நாட்டின் கீழக்கரையில் பிறந்தவர். கடலில் மூழ்கிச் சங்கெடுப்போரைச் சிறுவயதில் நேரில் கண்டவர். அவர்களிடம் காற்றுக்கலன் இல்லை. படகில் இருக்கும்போதே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு குதிப்பார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களும் அப்படித்தான். “மூச்சை அடக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் கடல் வழிவிடும்” என்று நன்னா அடிக்கடி சொல்வார். அந்தச் சொல் என் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் பயின்றபோது ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சியில் சேர்ந்தேன். கெடா மாநிலக் கடலிலுள்ள பாயார் தீவுக்குப் படகில் சென்றோம். பயிற்றுநரும் நானும் என் தோழர் ஒருவரும் பத்து மீட்டர் ஆழத்தில் இறங்கினோம். பவளப்பாறைகளும் வண்ண மீன்களும் கண்களைக் கவர்ந்தன. ஆனால், என் நெஞ்சோ படபடத்தது. கைகளை வீசினேன்; கால்களை உதைத்தேன்; வேகமாக மூச்சு வாங்கினேன். இருபத்தைந்தே நிமிடங்களில் என் அழுத்தமானியின் முள் 50 பாருக்கு இறங்கிவிட்டது. அது மேலே திரும்புவதற்கென ஒதுக்கிய காற்று. என்னால் மூவருமே மேலேற வேண்டியதாயிற்று. தோழரின் கலனிலோ பாதிக் காற்று மீதமிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இரண்டாம் முறை இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். காசைச் சேமிப்பதுபோல் காற்றையும் சேமிப்பது! ஒரு மூச்சை இழுத்து, அதை இயன்றவரை அடக்கி வைத்தேன். நன்னா சொன்ன வித்தையைச் செய்வதாக எனக்குள் பெருமை வேறு. சற்று நேரத்தில் தலை கனத்தது. நுரையீரல் பலூன்போல் விரிந்திருந்ததால் என் உடல் தானாகவே மேல்நோக்கி மிதக்கத் தொடங்கியது. நான் அதை உணரவே இல்லை. என் வாயிலிருந்து குமிழிகள் வரவில்லை என்பதைப் பயிற்றுநர் கவனித்துவிட்டார். விரைந்து வந்து என் மிதவைச் சட்டையைப் பற்றி நிறுத்தினார். தம் வாயிலிருந்து எழும் குமிழிகளைச் சுட்டிக் காட்டினார். மூச்சை விட்டேன்.

படகில் ஏறியதும் அவர் என்னை அருகில் அமர்த்தினார்.

“தம்பி, இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கும், தெரியுமா?”

“அண்ணே, சங்கு குளிப்பவர்கள் மூச்சை அடக்கித்தானே மூழ்கினார்கள்?” என்று கேட்டேன்.

“அவர்கள் இழுத்தது கடலுக்கு மேலேயுள்ள காற்று. கீழே போனால் அது சுருங்கும். மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும். நீ இழுத்ததோ பத்து மீட்டர் ஆழத்தில். அங்கே அழுத்தம் இரு மடங்கு. அதே காற்று மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். அடக்கி வைத்தால் அது எங்கே போகும்?”

நான் வாயடைத்துப் போனேன். அவர் மேலும் விளக்கினார். 12 லிட்டர் கலனில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2400 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு நிலத்தில் அது 120 நிமிடங்களுக்குப் போதும். பத்து மீட்டர் ஆழத்தில் 60 நிமிடங்களுக்கும் இருபது மீட்டர் ஆழத்தில் 40 நிமிடங்களுக்கும்தான் வரும். மூச்சை அடக்கினால் உடலில் கரிவளி சேரும். மூச்சு வாங்கத் தூண்டுவதே அந்தக் கரிவளிதான். எனவே, அடக்கியவர் பிறகு அதிகமாக வாங்குவார். அவசரமாக மேலோட்டமாக மூச்சு விட்டாலும் பயனில்லை. வாயிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள பழைய காற்றே உள்ளும் வெளியும் போய் வரும். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக முழுமையாக வெளியே விடுவதே சிக்கனம்.

அன்றிரவு நடந்ததை நன்னாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அவங்க மூச்சை அடக்கக் கத்துக்கிட்டாங்க. நீ மூச்சை விடக் கத்துக்கணும் போல” என்றார்.

மறுநாள் முதல் கடையின் மாடியில் அமர்ந்து பழகினேன். நான்கு எண்ணும்வரை இழுப்பேன். எட்டு எண்ணும்வரை விடுவேன். கீழே சாலையில் வாகனங்களின் இரைச்சல் ஓயாது. அதற்கு நடுவிலும் என் மூச்சொலியை மட்டும் கேட்கப் பழகினேன்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் பாயார் தீவுக் கடலில் இறங்கினேன். கைகளைக் கட்டிக்கொண்டேன், கால்களை மெதுவாக அசைத்தேன். குமிழிகள் இடைவிடாமல் எழுந்தன. அதே ஆழத்தில் நாற்பது நிமிடங்கள் இருந்தோம். திரும்பும்போது ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நின்று, பிறகு நிதானமாக மேலேறினோம். இம்முறை தோழரின் முள்ளும் என் முள்ளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. அவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். ‘எல்லாம் நலம்’ என்பதற்கான முக்குளிப்போர் சைகை அது.

‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியைப் பள்ளியில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் கடலடியில்தான் எனக்கு விளங்கியது. இன்றும் தேர்வு மண்டபத்திலோ மேடையிலோ நெஞ்சு படபடத்தால், நான் முதலில் செய்வது ஒன்றுதான்: மூச்சை மெதுவாக, முழுமையாக வெளியே விடுகிறேன்.