மழை மலிந்த ஊர்

லண்டனில் நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்றின் பெயர்ப்பலகையில் 'இந்தியன்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் குசினியில் இந்தியர் எவருமில்லை. முதலாளி தொடக்கம் ரொட்டி சுடுபவர்வரை வங்காளதேசத்துச் சில்ஹெற் மாவட்டத்தவர்கள். கோப்பை கழுவ, யாழ்ப்பாணத்தான் நான்.

வெங்காயம் உரிக்கும் நேரங்களில் பெரிய சமையற்காரர் தன் ஊரைப்பற்றிச் சொல்வார். நான் அவரைப் 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். அங்கே வருடத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீற்றர் மழை. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் முகில் வடக்கே மேகாலய மலையில் முட்டிக் கொட்டுகிறது. மலையிலுள்ள சிராப்புஞ்சி, இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் புவியியற் படிப்பில் பரீட்சைக்குரிய ஒரு பெயர்.

"குடுத்துவைச்ச ஊர், பாய்" என்றேன். கிணறு உவராக முன் தோட்டத்துக்கு இறைத்து முடிக்கவேண்டிய ஊரில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

பாய் சிரித்தார். அவர் வீடு ஹக்காலுக்கி என்ற பெருந்தாழ்நிலத்தின் ஓரத்தில். மழைக்காலத்தில் அது கடல். வெள்ளம் வடிந்தபின் தையில் நாற்று நட்டுச் சித்திரையில் அறுக்கும் போரோ நெல்தான் வருடச் சோறு. அறுவடைக்கு முன் மலைவெள்ளம் இறங்கினால் எல்லாம் போச்சு. 2017 ஏப்ரலில் அப்படித்தான் இறங்கியது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பச்சைக்கதிரை அரிந்தாராம் பாயின் தகப்பன். மாடு தின்னட்டும் என்று.

இப்படியான ஊர்களிலிருந்துதான் அந்தக் காலத்தில் கல்கத்தாவுக்குப் போய், வெள்ளைக்காரனின் கப்பலில் கரி அள்ளினார்கள். லண்டனில் இறங்கிச் சாப்பாட்டுக்கடை போட்டவர்கள் அவர்கள்தான். மழை மலிந்த ஊரும் மனிதரை வெளியே அனுப்பும் என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

சில்ஹெற் நகரம் சூர்மா ஆற்றங்கரையில் இருக்கிறது. 1936இல் திறந்த கீன் இரும்புப்பாலம், அதனருகே அலி அம்ஜத்தின் மணிக்கூடு, ஷா ஜலால் தர்கா. 1971 போரில் பாலத்தின் ஒரு பக்கம் தகர்ந்தது. பிறகு திருத்தினார்கள். பக்கத்திலேயே 1854இல் தொடங்கிய மல்னிசெரா தேயிலைத் தோட்டம். அங்கும் கொழுந்து பறிக்க ஏழைகளைத் தூர இடங்களிலிருந்து கொண்டுவந்தார்கள், எங்கள் மலையகத்துக்குக் கொண்டுவந்ததுபோல.

2022 ஜூனில் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. விமான நிலையத்தையும் மூடினார்கள். மூன்று நாள் பாயின் வீட்டுக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. அவர் வழக்கம்போலக் கறி தாளித்தார். ஒரு நாளில் இரண்டுமுறை உப்புப் போட்டுவிட்டார். நான் முதலாளிக்குக் காட்டாமல் ஊற்றினேன்.

பாதை திறந்ததும் அவர் ஊருக்குப் பறந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அகதிக்குக் கொடுத்த பயணப் பத்திரத்தில் என் ஊருக்கு மட்டும் போகமுடியாது.

ஓகஸ்டில் திரும்பி வந்தவர், எனக்கென்று கொண்டுவந்த சாத்கராப் புளிப்புக்காயை மேசையில் வைத்தார். "உன் ஊரில் மழையா?" என்று கேட்டார். அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு அம்மாவை அழைத்தேன்.

"கிணறு அடியில கிடக்குதாம், பாய்" என்றேன் மறுநாள்.

"எங்கட தண்ணியில கொஞ்சம் அனுப்பலாமென்றால்..." என்றவர், மிச்சத்தைச் சொல்லாமல் வெங்காய மூட்டையை அவிழ்த்தார்.