காலும் காரணமும்

நோய்க்குப் பெயர் தெரிந்தவுடன் நோயும் தெரிந்துவிட்டதென்று எண்ணுதல் மக்கள் இயல்பு. பெயர் வேறு, காரணம் வேறு என்பதை எமது பாதங்கள் எமக்குக் கற்பித்தன. விழா மலருக்குத் தமிழாசிரியன் இலக்கியக் கட்டுரை வரைதலே வழக்கம். எனினும், பழைய மாணவருள் நாற்பதைக் கடந்தோர் பலராதலின், எமது உடல் புகட்டிய பாடத்தையே இங்கு எழுதத் துணிந்தோம்.

2021 ஆம் ஆண்டிறுதியில் எமது கால்விரல் நுனிகளில் விறைப்புத் தோன்றியது. சில மாதங்களில் அது கணுக்காலைக் கடந்தது. இரவில் எரிவு, பகலில் மரப்பு. ஆலய வெளிவீதியில் நண்பகல் மணலில் நின்றோரெல்லாம் கால் மாற்றித் துடிக்க, நாம் மட்டும் அமைதியாய் நின்றோம். அருகில் நின்ற அன்பர் அதனைப் பக்தியின் வலிமை என வியந்தார். வீடு திரும்பியபின் உள்ளங்காலிற் கொப்புளங்களைக் கண்ட எம் இல்லாள் அவ்வாறு கருதினாரல்லர்.

வைத்தியர் ஓர் இசைக்கவையை அதிரச் செய்து எமது பெருவிரல் என்பின்மீது வைத்தார். எம் மாணவர் விஞ்ஞானகூடத்திற் கையாளும் அதே கருவிதான். "அதிர்வு தெரிகிறதா, மாஸ்ரர்?" என்றார். "ஓசை கேட்கிறது, ஐயா, அதிர்வு தெரியவில்லை" என்றோம். புறநரம்பு நோய் எனப் பெயர் கிடைத்தது.

மூளையிலும் முண்ணாணிலும் இருந்து உடலெங்கும் பரந்து செல்வன புறநரம்புகள். அவற்றுட் பாதத்தை நாடுவனவே மிக நீண்டவை. ஓரிழையே ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமுடையது. ஆதலின் கேடு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி மேலேறும்; முழங்காலை அணுகும் வேளையிற் கைவிரல் நுனிகளையும் பற்றும். எமக்கும் அவ்வாறே ஆயிற்று. வெண்கட்டி எமது விரல்களிலிருந்து அறியாமலே நழுவியது. கரும்பலகைமுன் நெடுநேரம் நிற்க இயலாதவன் ஆசிரியனாய் எத்தனை நாள் இருத்தல் கூடும் என்ற அச்சம் எம்மை வாட்டியது.

பெயர்ச்சொல்லை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என வகுத்து ஆண்டுதோறும் கற்பிப்பவர் நாம். புறநரம்பு நோய் என்பதோ நோய் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. வந்த காரணத்தைச் சொல்வதில்லை. சலரோகமே காரணமென உறவினர் அனைவரும் முடிவு கட்டினர். உலகில் இந்நோய்க்குத் தலையாய காரணம் அதுவே. எனினும் எமது இரத்தத்திற் சீனி அளவு சரியாகவே இருந்தது. சிறுநீரகம், தைரொயிட் சுரப்பி, தொழுநோய், மது, நச்சு உலோகங்கள் என ஒவ்வொன்றாய் ஆராய்ந்து விலக்கினர். ஒவ்வோர் 'இல்லை'யும் ஆறுதலளித்தது, கலக்கத்தையும் வளர்த்தது. நோவுக்கு மாத்திரை போதும், காரணம் தேடுதல் வீண் என்று கூறிய வைத்தியரும் உளர்.

அவ்வேளையில் நாம் படித்தறிந்த ஒரு வரலாறு எமக்கு ஊக்கமளித்தது. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டுத் தமிழ்ச் சிறுமியர் இருபதின்மருக்குத் திடீரெனப் புறநரம்பு நோய் கண்டது. ஏன் சிறுமியர்க்கு மட்டும் எனச் சேனாநாயக்க, ஜெயரத்தினம் என்னும் மருத்துவ அறிஞர் இருவர் வினவினர். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் பருகக் கொடுக்கும் வழக்கத்தில் விடை இருந்தது. அவ்வெண்ணெயில் திரைகிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்த கலங்களில் அதனைக் கொண்டுசென்றமையால் அக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இவ்வாராய்ச்சி 1981 இல் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. வழக்கத்திற் குற்றமில்லை, கலத்திலேயே குற்றம். அன்றாட வாழ்வினுள்ளேதான் காரணம் ஒளிந்திருக்கும் என்பதை இதனால் உணர்ந்தோம்.

எமது காரணமும் அன்றாட வாழ்விலேயே அகப்பட்டது. இரத்தத்தில் விற்றமின் பி 12 மிகக் குறைந்திருந்தது. இரத்தசோகை இல்லாதபோதும் இக்குறை நரம்பைக் கெடுக்கவல்லது. மரக்கறிகளில் இச்சத்து இல்லை. பாலிலும் முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும் உண்டு. நாம் பிறவிச் சைவ உணவினர். பாலும் அரிதாகவே பருகுவோம். குடற்புண்ணுக்கென நெடுங்காலம் உட்கொண்ட அமிலம் குறைக்கும் மருந்தும், கிடைத்த சிறிதளவை உடல் ஏற்பதைக் குறைத்திருந்தது. ஆக, காரணம் ஒன்றன்று; இரண்டு கைகோத்து வந்தன.

ஊசிமருந்து ஏற்றத் தொடங்கியபின் நோய் மேலேறவில்லை. விரல்கள் மீண்டும் வெண்கட்டியை உணர்ந்தன. பாத நுனிகள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. நெடுநாட் கெட்ட நரம்பு முழுவதும் மீள்வதில்லை. எனவே இரவுதோறும் விளக்கொளியில் உள்ளங்காலைப் பார்க்கிறோம். சப்பாத்தை உதறியே அணிகிறோம். வெந்நீரை முழங்கையால் அளந்தபின்பே காலில் ஊற்றுகிறோம். சைவ உணவை விட்டோமில்லை. நாள்தோறும் பால் பருகுகிறோம்.

திருவள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரம் வகுத்து, நோயின் முதலைத் தேடுமாறு பணித்தார். அன்பர்களே, கால் மரத்தால் வயதின் குற்றமென வாளாவிருத்தல் வேண்டா. எல்லோர்க்கும் காரணம் அகப்படும் என்று நாம் சொல்லவில்லை. தேடியும் காணாதோர் பலருளர். ஆயினும் காலந்தாழ்த்தாது தேடியவருக்கே எஞ்சிய உணர்வைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. மாணவச் செல்வங்களே, 'ஏன்?' என்னும் வினாவை வகுப்பறையிலேயே பழகிக்கொள்ளுங்கள். அவ்வினாவை எமக்குப் பழக்கிய கல்லூரி அன்னை நீடு வாழ்க!