கூத்துக்குக் காசு கொடுத்தது யார்?

“உங்கள் குழு இதற்கு முன் பெற்ற நிதியுதவிகளை ஆண்டு வாரியாகக் குறிப்பிடுக.”

படுவான்கரைக் கூத்துக் குழு ஒன்றுக்காக நான் நிரப்பிக்கொண்டிருந்த விண்ணப்பத்தில் இந்த வரி இருந்தது. கீழே நிறுவனத்தின் பெயர், முகவரி, தொகை என்று மூன்று கட்டங்கள். குழுவில் இருந்த பொடியன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மட்டும் யோசிக்கவில்லை. “ஊர் தந்த எண்டு எழுது மனே. எங்கட அப்பாட காலத்திலயும் ஊர்தான் தந்த” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. அதை எழுதத்தான் அந்தத் தாளில் இடம் இல்லை. கட்டங்களை வெறுமையாக விட்டு விண்ணப்பத்தை அனுப்பினோம். கேள்வி என்னோடு தங்கிவிட்டது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இத்தனை தலைமுறைகளாகக் கலை வளர்ந்திருக்கிறதே, அதன் செலவை யார் யார் தாங்கினார்கள்? நமது கலைஞர்கள் விண்ணப்பம் எழுத வேண்டிய காலம் எப்போது வந்தது? அன்று தொடங்கிய தேடல் இது.

முதலில் அண்ணாவியாரையே கேட்டேன். வேளாண்மை வெட்டு முடிந்து கையில் நெல்லும் மனதில் ஓய்வும் இருக்கும் காலத்தில், ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். எந்தக் கூத்து, வடமோடியா தென்மோடியா என்று பேசி முடிப்பார்கள். வெற்றிலை வைத்து அண்ணாவியாரை அழைப்பார்கள். அவர் ஆட்களைப் பார்த்து, குரலையும் உடலையும் அளந்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சட்டம் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி. சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் விடிய விடிய அரங்கேற்றம். “மறுகா வீட்டுக்கு வீடு போய் ஆடுவம். ஏலுமானத எல்லாரும் தருவாங்க” என்று முடித்தார்.

பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ நூலைத் திறந்தபோது, அண்ணாவியார் வாய்மொழியாகச் சொன்ன அதே வரிசை ஆய்வாக விரிந்து கிடந்தது. அமிர்தகழியில் பிறந்த மௌனகுரு, கூத்தை உள்ளிருந்து பார்த்தவர். இருவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தபோது ஊர் எப்படிச் செலவைப் பங்கிட்டது என்பது எனக்குத் துலங்கியது. வசதியுள்ள நிலவுடைமையாளரான போடியார் பெரிய பங்கைத் தூக்கினார். ஆடுகிறவர் தன் உடுப்புக்கான செலவைத் தானே தேடினார். கூத்தாடும் களரியைப் போடும் உழைப்பை இளைஞர்கள் கொடுத்தார்கள். உறவினர்கள் அரங்கேற்ற இரவில் அன்பளிப்புக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு ஆடிச் சேர்த்ததில் அண்ணாவியாருக்குரிய மரியாதை நிறைவேறியது.

ஊர் முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. போடியாரின் விருப்பம் களரியிலும் செல்லுபடியானது. சாதி வரம்பு யார் ஆடலாம், எங்கே ஆடலாம் என்பதைத் தீர்மானித்தது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். ஆனாலும் அந்த முறையில் ஒன்று உறுதியாக இருந்தது. கூத்துப் போடப்போகிறார்கள் என்ற செய்தி ஊரில் யாருக்கும் தெரியாமல் போனதில்லை. வாய்ப்பு, வெற்றிலைத் தட்டோடு கலைஞரின் வாசலுக்கு வந்தது.

ஊருக்கு வெளியே எழுந்த பெருமுயற்சிகளுக்கு யார் துணை நின்றார்கள் என்று அடுத்துப் பார்த்தேன். காரைதீவில் 1892-இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் முன்னால் வந்து நின்றார். பழந்தமிழ் யாழ்களின் கணக்கைக் கண்டறிய அவர் பல ஆண்டுகள் உழைத்த ‘யாழ் நூல்’, புதுக்கோட்டைப் பகுதிச் செல்வந்தர் சிதம்பரம் செட்டியாரின் ஆதரவையும், தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றுத்தான் அச்சேறியது. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம். அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். கடல் கடந்து ஒரு வள்ளலும் ஒரு சங்கமும் கிடைத்ததால் அந்த நூல் நமக்குக் கிடைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவருக்குத் திறந்த கதவு அது. வந்தாறுமூலையிலோ கொக்கட்டிச்சோலையிலோ மத்தளம் அடித்தவருக்கு அந்தக் கதவு இருக்கும் இடமே தெரிந்திருக்காது.

அப்படியானால் அரசு எப்போது வந்தது? இங்கேதான் என் தேடல் நீண்ட நேரம் நின்றது.

பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போருக்கு நடுவே, 1940-இல், இசையையும் கலைகளையும் ஊக்குவிக்க ஒரு சபை அமைத்தார்கள். நாடகக் குழுக்களையும் இசைக் கலைஞர்களையும் சுரங்க ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பிவைத்த அந்தச் சபையே 1946-இல் பெரிய பிரித்தானியக் கலைக்கழகமாக உருவெடுத்தது. பொதுப்பணத்தில் கலையை வளர்ப்பது அரசின் கடமை என்ற எண்ணம் விடுதலை பெற்ற நாடுகளிலும் பரவியது. 1952-இல் சட்டமொன்றின் மூலம் இலங்கைக் கலைக்கழகம் தோன்றியது. அதன் தமிழ் நாடகக் குழுவின் பொறுப்பைப் பேராதனைத் தமிழ் ஆசிரியர் சு. வித்தியானந்தன் ஏற்றார்.

அவர் செய்த வேலையைப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. கொழும்பில் இருந்தபடி விண்ணப்பம் கோரி அவர் காத்திருக்கவில்லை. மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஊர் ஊராக வந்தார். அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடு நடத்தினார். அவர்களுக்கு மேடையில் மாலையும் பொன்னாடையும் போடச் செய்தார். ஏட்டிலும் கொப்பியிலும் இருந்த கூத்துகளை அச்சுக்குக் கொண்டுவந்தார்; ‘அலங்கார ரூபன் நாடகம்’ 1962-இல் அவர் பதிப்பில் வெளியானது. அதே ஆண்டில் பேராதனை மாணவர்கள் ‘கர்ணன் போர்’ கூத்தை ஆடினார்கள். அவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். விடிய விடிய ஆடும் கூத்து ஒன்றரை மணி நேர மேடை நிகழ்வாகச் சுருங்கியது. அந்த மாணவர்களில் ஒருவரான மௌனகுரு சில ஆண்டுகளில் ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக நின்றார்.

வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குப் போனதில் கூத்து எதை இழந்தது என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அது நடக்க வேண்டிய விவாதம். என் தேடலுக்கு வேறொரு செய்தி முக்கியமாகப் பட்டது. கலைக்கழகத்திடம் இருந்த பணம் பெரிதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தச் சிறிய பணத்துக்கும் கிராமத்து அண்ணாவியாருக்கும் நடுவே, கூத்தும் தெரிந்த, அலுவலக மொழியும் தெரிந்த ஒருவர் நின்றார். அண்ணாவியார் ஒரு தாளும் நிரப்பாமலே அரசின் கவனம் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

பிறகு உள்நாட்டுப் போர். இரவில் வெளியே நடமாட முடியாத ஊரில் விடிய விடிய எப்படி ஆடுவது? களரிகள் வெறுமையாகின. பழகியவர்களில் பலர் ஊரை விட்டுப் போனார்கள். பலர் உயிரோடு இல்லை. அந்த நாட்களிலும் சில விளக்குகள் எரிந்தன. போரைப் பார்த்த குழந்தைகளுக்காக 1996-இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் முன்னின்று, களிமண்ணும் வண்ணமும் கதையும் கொண்டு குழந்தைகளின் மனக்காயத்தை ஆற்ற முயன்றார்கள். வெளிநாட்டு உதவி, உள்ளூர்க் கைகள் என்ற புதிய சேர்க்கையை அதில் பார்க்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தச் சேர்க்கை வெள்ளமாக வந்தது. கல்லடி, நாவலடிக் கரைகளைக் கடல் அள்ளிப்போன பின், பல நாட்டு நிறுவனங்கள் நகரில் அலுவலகம் திறந்தன. ‘திட்ட முன்மொழிவு’ என்ற சொல் கலைஞர்கள் வாயிலும் புழங்கத் தொடங்கியது. சுகாதாரம், சிறுவர் உரிமை, சமாதானம் என்று கருப்பொருளோடு நிதி வந்தது. கருப்பொருளுக்கேற்ற நாடகங்கள் ஆடப்பட்டன. அதில் பயன் பெற்றவர்கள் உண்டு, நல்ல படைப்புகளும் உண்டு. ஆனால் என்ன ஆடுவது என்ற தீர்மானம் ஊர்க்கூட்டத்திலிருந்து நிதி தருபவரின் மேசைக்கு நகர்ந்தது. திட்டக்காலம் முடிந்ததும் பல குழுக்கள் கலைந்தன. நமது கலைஞர் விண்ணப்பதாரர் ஆன காலத்தை நான் இங்கேதான் குறிப்பேன்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. நாடகக் கலைஞர் சி. ஜெயசங்கரும் மட்டக்களப்பின் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் சீலாமுனை ஊர் மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கினார்கள். கதையை, சாதியும் பால்நிலையும் பற்றிய அதன் பார்வையை, ஆடுகிறவர்களே உட்கார்ந்து பேசி மாற்றினார்கள். களரி ஊருக்குள்ளேயே இருந்தது. ஊர் தரும் ஆதரவைப் பழைய குறைகள் இல்லாமல் மீட்க முடியும் என்பதற்கு அது சான்று.

இன்றைய நிலை என்ன? வாய்ப்புகள் குறைவு என்று சொல்ல மாட்டேன். பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய கலைஞருக்குக் கலாபூஷணம், கிழக்கு மாகாணத்தின் வித்தகர் விருது, இளங்கலைஞர் விருது, பிரதேச இலக்கிய விழாக்கள் என்று உள்ளூர்ப் படிகள் இருக்கின்றன. கல்லடியில் விபுலானந்தர் பெயரால் 1982-இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை ஆகியவற்றில் பட்டதாரிகளை உருவாக்குகிறது. கொழும்பில் ஜோர்ஜ் கீற் மன்றம் 1993-இல் தொடங்கிய ‘கலா பொல’ திறந்தவெளிச் சந்தையில் ஓவியர்கள் தெருவோரத்திலேயே படங்களை விற்கலாம். 2013-இல் தொடங்கிய கொழும்புஸ்கோப் விழாவில் மட்டக்களப்புக் கலைஞர்களின் படைப்புகள் உலகப் பார்வையாளர் முன் வைக்கப்பட்டிருக்கின்றன. நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாவுஸ் நிதியம் 2021-இல் தொடங்கிய விருதுத் திட்டம், வளரும் கலைஞர் நூறு பேருக்குத் தலா 5,000 யூரோ கொடுத்தது.

இவற்றில் எத்தனை செய்திகள் வாகரைக்கும் வெல்லாவெளிக்கும் போய்ச் சேர்கின்றன? அழைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. தெரிந்தவர் தெரிந்தவருக்கு அனுப்புகிறார். கடைசித் திகதிக்கு முதல் நாள் யாரோ ஒருவர் படம் பிடித்து அனுப்பும்போது, விண்ணப்பிக்கத் தேவையான எதுவும் கையில் இருப்பதில்லை. நான் சந்தித்த இளம் ஓவியர்களில் பலரிடம் நல்ல வேலை இருக்கிறது. அதைப் பற்றிய குறிப்பு ஒரு வரிகூட இல்லை. 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தவர்கள் இன்று சில நிமிடங்களில் கடக்கிறார்கள். செய்திக்கு இன்னும் அப்படியொரு பாலம் போடப்படவில்லை.

இந்தத் தேடலில் எனக்கு உறுதியானது ஒன்றுதான். ஊர்க்கூட்டமானாலும் செட்டியாரானாலும் கலைக்கழகமானாலும், பணம் கலைஞரிடம் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு மனிதர் நடந்திருக்கிறார். வெற்றிலை கொண்டுபோனவர், கையெழுத்துப் பிரதிக்கு அச்சகம் தேடியவர், அண்ணாவியாரின் வாசலுக்கு வந்த விரிவுரையாளர். அந்த இடம் காலியானபோதெல்லாம் பணம் இருந்தும் கலை தவித்தது.

ஆகவே நிதி தருகிறவர்களிடம் கேட்க எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. அழைப்பைத் தமிழிலும் வெளியிடுங்கள். கொழும்பில் 2019-இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மூன்று மொழிகளிலும் தன் காட்சிகளை நடத்திக் காட்டுகிறது. எழுத வராத அண்ணாவியார் பேசிப் பதிவுசெய்த குரலையும் விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஊர் செய்த உதவியை, உழைப்பும் நெல்லும் உடுப்பும் உட்பட, முன்னைய ஆதரவாகக் கணக்கில் எடுங்கள். அறுபதில் வரும் மரியாதையோடு, இருபத்தைந்தில் வரும் கைகொடுப்பும் வேண்டும்.

கலைஞர்களுக்கும் சொல்வேன். அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றே ஒரு கொப்பி திறவுங்கள். எந்த ஆண்டில், எந்த ஊரில், யாரோடு, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். படைப்புகளைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அளவும் ஆண்டும் குறித்து வையுங்கள். உங்கள் கலாமன்றத்தைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். விழா மலர்களை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் அந்த இடத்தில்தான் என் தேடலின் பாதி நடந்தது.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இளைஞர்கள் போதும். மாதம் ஒரு மாலை ஊர்க் கோயில் முன்றலிலோ வாசிகசாலையிலோ இருந்து, வந்திருக்கும் அழைப்புகளைத் தமிழில் வாசித்துச் சொல்லி, விரும்புகிறவருக்கு எழுதியும் கொடுக்கலாம். அதற்கு ஆகும் போக்குவரத்துச் செலவையும் சிறு சம்பளத்தையும் கலைக்கான செலவாகவே ஏற்க வேண்டும். 1960-களில் வித்தியானந்தன் கிட்டத்தட்டத் தனியாளாக இந்த வேலையைத் தொடங்கினார். அதைத் தொடர இன்று கல்லடியில் பட்டம் பெற்ற நூற்றுக்கணக்கானோர் வாவியின் இரு கரைகளிலும் இருக்கிறார்கள்.