மூன்றங்குலக் கத்தி

ராம்பூர் என்றதும் நம் விடுதி நண்பர்களுக்கு நினைவு வருவது கத்திதான். அவ்வூரில் 1774-ஆம் ஆண்டில் தோன்றிய ரஸா நூலகம் இருக்கிறது. அரிய கையெழுத்துப் பிரதிகள் ஆயிரக்கணக்கில் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் திருப்பாச்சேத்தி என்றால் அரிவாள். வடக்கே ராம்பூர் என்றால் கத்தி. ஓர் ஊருக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் அதைக் கழுவி எடுப்பது எளிதன்று. இந்திப் படங்களில் போக்கிரி இடுப்பிலிருந்து எடுத்து ‘கர்ர்ர்’ என்று விரிக்கும் நீண்ட மடக்குக் கத்திக்கு ‘ராம்பூரி’ என்றே பெயர். 1965-இல் வெளிவந்த ‘வக்த்’ படத்தில் ராஜ்குமார் கத்தியை வாங்கிக்கொண்டு பேசும் வசனத்தை இந்தத் தில்லியில் ஆட்டோ ஓட்டுபவர்கூட நடித்துக் காட்டுவார்.

சென்ற குளிர்கால விடுமுறையில் நான் ராம்பூருக்குப் போயிருந்தேன். என் அறைத்தோழர் அவ்வூர்க்காரர். தில்லியிலிருந்து மொராதாபாத் வழியாக ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மூடுபனியால் வண்டி தாமதமாகி நடுப்பகலில்தான் போய் இறங்கினோம். ஊரில் ஒரு நாற்சந்தியில் இருபது அடி நீளத்தில் ஒரு கத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். 2023-இல் திறந்து வைத்தார்களாம். கத்தி செய்து பிழைத்த குடும்பங்களில் பல வேறு தொழிலுக்குப் போய்விட்ட பிறகு, கத்திக்குச் சிலை எழுந்திருக்கிறது! போகிறவர் வருகிறவரெல்லாம் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

நண்பரின் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு கத்திப் பட்டறை அருகிலேயே இருந்தது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். எல்லோரும் அவரை ‘உஸ்தாத்’ என்றே அழைக்கிறார்கள். நான் இயந்திரவியல் படிப்பவன் என்று நண்பர் சொல்லி வைத்திருந்தபடியால், “எஞ்சினீயர் சாஹிப் வந்துவிட்டார்” என்று எனக்கு ஒரு முக்காலி போட்டார். தேநீர் வந்தது. பிறகு பழந்துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் புதிதாக அமைத்த பொத்தான் கத்தி அது. மறுநாள் அதைப் பார்க்கக் கத்தி சேகரிப்பவர்கள் இருவரும் ஒரு வியாபாரியும் வருவதாக இருந்தது. என்னையும் இருக்கச் சொன்னார்.

அந்தக் கத்தியின் விசேஷம் விளங்க வேண்டுமானால் பழைய வகைகளைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ராம்பூர்க் கத்தியில் ‘கராரி’ வைத்தது ஒரு வகை. அலகின் அடிப்பாகத்தில் பற்கள் வெட்டியிருப்பார்கள். கையால் விரிக்கும்போது பிடியின் முதுகிலுள்ள பட்டைவில் ஒவ்வொரு பல்லிலும் விழுந்து எழும். சினிமாவில் நாம் கேட்கும் ‘கர்ர்ர்’ அந்தச் சத்தமே. ஸ்பெயின் நாட்டு நவாஹா கத்தியிலும் இதே ஏற்பாடு உண்டு. இதில் தானாக இயங்குவது எதுவுமில்லை. திறப்பது மனிதன் கைதான். பொத்தான் கத்தி வேறு இனம். மடித்திருக்கும்போதே அதன் உள்ளே வில் இறுகி நிற்கும். ஒரு சிறு கொக்கி அலகைப் பிடித்து வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் கொக்கி விலகும். அலகு பாய்ந்து வந்து நிற்கும். விசைக் கத்தி என்று முறையாகச் சொல்லத் தக்கது இதுதான்.

இதில் வில்லின் பலம்தான் சூட்சுமம். பலம் குறைந்தால் அலகு முழுதும் வந்து பூட்டிக்கொள்ளாது. கூடினால், வந்து மோதும் வேகத்தில் அச்சாணி நாளடைவில் தளர்ந்து அலகு ஆடத் தொடங்கும். அலகைக் குட்டையாக்கினால் அதன் கனமும் குறைகிறது. ஆகவே பழைய வில்லையே பொருத்தினால் முரட்டுத்தனமாக அடிக்கும். உஸ்தாத் புதிய வில்லுக்காக ஒரு மழைக்காலம் முழுதும் அரத்தோடு போராடியிருக்கிறார்.

குட்டையாக்குவானேன் என்று கேட்பீர்கள். அதற்குச் சட்டம் பதில் சொல்லும். ஒன்பதங்குலத்துக்கு மேல் நீண்டதோ இரண்டங்குலத்துக்கு மேல் அகன்றதோ ஆன அலகை, வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் ஆனது நீங்கலாக, நாட்டின் ஆயுத விதிகள் ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. அது பொது. உத்தரப் பிரதேசத்தில் 1990-களில் நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு செய்யலாகாது என்று கட்டுப்பாடு வந்தது. பத்தும் பன்னிரண்டும் அங்குலமாகச் செய்து பெயரெடுத்த ஊருக்கு அது பேரிடி. தில்லியின் கணக்கு இன்னும் நுட்பமானது. 1980-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து அறிவிக்கை ஒன்று, கராரி வைத்ததும் பொத்தான் வைத்ததுமான கத்திகளுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று எல்லை கட்டியது. 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக மூன்று அங்குலம். வாங்குகிறவர்கள் தில்லிக்காரர்கள். ஆகவே உஸ்தாத் அலகை ஏழரை சென்டிமீட்டருக்கும், அகலத்தை ஒன்றரைக்குச் சற்று மேலாகவும் நிறுத்திக்கொண்டார்.

இந்த விஷயத்தில் நம் நாடு தனியாக இல்லை. அமெரிக்காவில் விசைக் கத்தி 1890-களிலிருந்தே தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்ட பொருள். பிறகு சினிமா அதைத் தெருச்சண்டைக்காரன் கையில் கொடுத்தது. 1957-இல் வந்த ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ படத்தில் நடுமேஜையில் குத்தி நிற்கும் கத்தியை நம் திரைப்படக் கழகத்தில் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டே, 1958-இல், மாநிலத்துக்கு மாநிலம் அதை விற்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது. 1959-இல் பிரிட்டனும் தடுத்தது. சாதாரண மடக்குக் கத்தியைப் பழகிய கை ஒற்றைக் கையாலேயே திறந்துவிடும் என்பதை இந்தச் சட்டம் செய்தவர்கள் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவர்களைப் பயமுறுத்தியது ஓசையும் வேகமும் போலும்.

அந்த ஓசையைத்தான் சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள். மறுநாள் முதலில் வந்தவர் பரேலியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. வீட்டில் நாற்பது கத்திகள் வைத்திருக்கிறார். மீன் வடிவப் பித்தளைப் பிடி போட்டவை பாதிக்கு மேல். கத்தியை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, காதருகே வைத்துப் பொத்தானை அழுத்தினார். ‘டிக்’ என்றது. மறுபடி மடித்து அழுத்தினார். மறுபடியும் ‘டிக்’. முகம் வாடிவிட்டது.

“உஸ்தாத், இது ஊமை” என்றார்.

“சத்தம் வேண்டுமானால் பல் வெட்டித் தருகிறேன், ஹுசூர். அரைநாள் வேலை. ஆனால் அது போலீஸ்காரர் காதிலும் விழும்” என்றார் உஸ்தாத்.

இரண்டாமவர் நொய்டாவில் கணினி நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர். அமெரிக்க, இத்தாலியக் கத்திகளின் வரலாறெல்லாம் அவருக்கு மனப்பாடம். அலகைத் திறந்து இருபுறமும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை என்பதை ஒப்புக்கொண்டார். அது பெரிய பாராட்டு என்று பிறகு நண்பர் எனக்கு விளக்கினார். “எஃகு எது?” என்று கேட்டார். “லாரிப் பட்டைவில்” என்று பதில் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எண் போட்ட எஃகாக இருக்க வேண்டுமாம். பட்டைவில்லுக்குப் பதில் சுருள்வில் வைக்க வேண்டுமாம். அலகு பக்கவாட்டில் விரியாமல் பிடியின் முனையிலிருந்து நேராக வெளிப்பட வேண்டுமாம். இவ்வளவும் செய்த பிறகு அதை ராம்பூர்க் கத்தி என்று எதற்காக அழைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. லாரி வில்லின் எஃகு ஆயிரம் முறை வளைந்து நிமிர்ந்து பழகியது. சாணை பிடித்தால் நல்ல கூரும் ஏறும். பெயரில்லை என்பதுதான் அதன் குற்றம்.

மூன்றாமவர் பழம்பொருள் வியாபாரி. அவர் கத்தியை அதிக நேரம் பார்க்கவே இல்லை. “மூன்று மாதம் ஈரமண்ணில் புதைத்து எடுங்கள். நவாப் காலத்துச் சீமாட்டிகளின் கத்தி என்று பத்து மடங்கு விலைக்கு விற்றுத் தருகிறேன்” என்றார். உஸ்தாத் சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னொரு தேநீர் ஊற்றினார். மறுமொழி சொல்லவில்லை.

ஒருவரும் அதைக் கொண்டு எதையும் வெட்டிப் பார்க்கவில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கூடையில் கொய்யாப்பழம் இருந்தது. நான் எடுத்து நான்காக நறுக்கினேன். நூல் பிடித்தாற்போல் பிளந்தது. பழத்தை எல்லோரும் தின்றார்கள். அபிப்பிராயம் மாறவில்லை.

புறப்படும் சமயத்தில் ரயில்வே அதிகாரி கத்தியை மடித்துத் தம் குர்தாப் பையில் போட்டுக்கொண்டு, முக்காலியில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தார். பிறகு பையை மெல்லத் திறந்து காட்டினார். அலகு பாதி வெளியே வந்து துணியைக் கிழித்திருந்தது.

“பொத்தான் எழும்பி நிற்கிறது, உஸ்தாத். தொடையில் ஏறியிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

பட்டறையில் சற்று நேரம் பேச்சே எழவில்லை. உஸ்தாத் கத்தியை வாங்கி விளக்கின் கீழ் வைத்துக்கொண்டு, பொத்தானைக் கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். ஊமை என்றபோதும், எஃகுக்குப் பெயரில்லை என்றபோதும் அவர் முகத்தில் நான் காணாத கவலை அப்போது தெரிந்தது. கிழிந்த குர்தாவுக்காக மன்னிப்புக் கேட்டார். அதிகாரியோ, குர்தாவைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும் என்றார்.

சேகரிப்பவர்கள் மேல் அதுவரை எனக்கு இருந்த இளக்காரம் அந்த மனிதரைப் பொறுத்தவரை போய்விட்டது. நாற்பது கத்திகளைத் தினமும் திறந்து மூடியவருக்குத்தான் உட்கார்ந்து பார்க்கத் தோன்றும். ஓசை பிடிக்கவில்லை என்றவரும் அவர்தான். உயிர் போகும் குற்றத்தைக் கண்டவரும் அவர்தான்.

அன்று மாலை உஸ்தாத் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. “தம்பி, இது விலைபோகுமா? நீ படித்தவன், சொல்.” அவருடைய மருமகன் பட்டறையை விட்டுவிட்டு ஈ-ரிக்ஷா ஓட்டுகிறான். அவனைத் திரும்ப அழைக்கலாமா வேண்டாமா என்பது இந்தக் கத்தியைப் பொறுத்தது. மாதம் இருபது கத்தி போனால் அழைக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். நான் விற்பனை பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லி, பொத்தானைப் பிடியின் மட்டத்துக்குக் கீழே இறக்கி, சுற்றிலும் விளிம்பு விடும்படி ஒரு படம் மட்டும் வரைந்து கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் தம் கையிலிருந்த படத்தைக் காட்டினார். சாக்கட்டியால் பலகையில் அதையேதான் போட்டிருந்தார். கூடவே, தற்செயலாக அழுந்தாதபடி பொத்தானை மறைக்கும் சிறு தகடு ஒன்றும்.

ஹோலிக்கு ஊருக்குப் போன நண்பர் இரண்டாவது மாதிரியைப் பார்த்துவிட்டு வந்தார். ரயில்வே அதிகாரி இரண்டு வாங்கியிருக்கிறார். ஒன்றுக்குப் பல் வெட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினாராம். நொய்டா இளைஞரிடமிருந்து தகவல் இல்லை. வியாபாரி பத்துக் கத்தி கேட்டார். செய்த ஆண்டை அலகில் பொறித்துத்தான் தருவேன் என்றதும் போய்விட்டாராம். மற்றபடி ஏழு விற்றிருக்கின்றன. மருமகன் வாரத்தில் இரண்டு நாள் ரிக்ஷாவை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வருகிறான். அரம் பிடிக்க இன்னும் கை திரும்பவில்லை என்று உஸ்தாத் குறைப்பட்டுக்கொண்டாராம்.