படியோர விளக்கு

அம்பத்தூரில் புதுவீடொன்றை மந்திரிக்கச் சென்றிருந்தேன். மாடியில் திரைப்பட அறை. ஒரு பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் யாவும் மெல்ல மங்கின. அதற்குப் ‘படம்’ என்று பெயர். மற்றொன்று ‘இடைவேளை’.

முதலில் பொருத்திய டிம்மர் குண்டு பல்புக்கு உரியது, எல்.இ.டி. விளக்குகள் அதில் துடித்தனவாம். வினாடிக்கு 100 முறை மின்னலையை வெட்டி ஒளியைக் குறைக்கும் அக்கருவிக்கு, ஏற்ற விளக்கும் வேண்டுமென்று வீட்டுப் பிள்ளை விளக்கினான்.

அவ்வேளை, இருளில் படி தெரியாமல் பாட்டியார் தடுமாறினார். கையைப் பற்றினேன். “இதற்காகத்தான் சாமி, நான் இங்கு வருவதேயில்லை” என்றார். பேரன் தலைகுனிந்தான்.

அன்று மாலையே, ‘படம்’ நிலையிலும் படியோர விளக்கு மட்டும் சிறிதளவு எரியுமாறு மாற்றியமைத்தான். அடுத்த வாரம் பாட்டியாரும் படம் பார்த்தாராம். இருளை அமைப்போர், அதில் நடப்போரை முதலில் எண்ணுவார்களாக!